அத்தையின் போனில் இடமில்லை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் மல்லிகை. விடியலில் எழுந்து, ஈரத்தில் கால் நனைய மொட்டுப் பறித்து, கீரமங்கலத்துப் பூக்கடைக்கு அனுப்பிவிட்டு வந்து காபி போடுகிறவள் நான். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே என் மாமியார் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பாத்தியாத்தா, எம்மாம் பெரிய பூவு! பெரியவ அனுப்பியிருக்கா."

திரையில் ஒரு ரோஜா இருக்கும். அதன்மேல் நாலு பனித்துளி, கீழே 'இனிய காலை வணக்கம்'. என் நகக்கண்ணில் பூக்காம்பின் பச்சை இன்னும் போயிருக்காது. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். எங்கள் வீட்டில் உள்ளூர்ப் பூவும் விலை போகாது.

பெரியவள் என்றால் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. சிங்கப்பூர் போய் ஏழு வருஷம் ஆகிறது. அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, முதுகு தேய்த்துவிடுவது, மூட்டுவலிக்கு ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் நான். பூ அனுப்புவது அவள். அத்தையின் வாயில் நாளுக்கு நூறு தடவை வருகிற பேர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தப் போனும் அவள் கொடுத்ததுதான். போன வைகாசியில் கணவரின் அண்ணன் கூப்பிட்டார். அத்தை போனுக்குப் புது சாப்ட்வேர் வந்திருக்கிறதாம். அதைப் போடாவிட்டால் அடுத்த மாசத்திலிருந்து வீடியோ கால் வராதாம். "போட்டுவிடும்மா, ஒரு பட்டனை அமுத்துனாப் போதும்" என்றார். அமுத்தினேன். இடம் போதவில்லை, ஆறு ஜிபி காலி செய்யவும் என்று வந்தது.

அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். "போன் நெறஞ்சு போச்சு அத்த. கொஞ்சத்த அழிச்சாத்தான் புதுசு உள்ள போகும்."

அத்தை காதைப் பொத்திக்கொண்டார். "என்ன பேச்சு பேசுற? அழிக்கிறதாம்ல! உசுரோட இருக்கவங்க படத்த யாராச்சும் அழிப்பாங்களா? எம் புள்ள கடல் தாண்டி இருக்கான்."

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட மாட்டார்கள், படத்தைக் கிழிக்கவும் மாட்டார்கள். அத்தை அதைப் போனுக்கும் சேர்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் ஏற்றி வைக்கலாம் என்றேன். நம்ம வீட்டுப் படத்தை எவனோ உட்கார்ந்து பார்ப்பானா என்று அதுவும் கூடாதென்றார். கடைசியில் அவரே ஒரு சட்டம் போட்டார்.

"மொகம் இருக்கறதத் தொடாத. மொகம் இல்லாதத எடுத்துரு."

நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்து தள்ளத் தொடங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஓரகத்தி அனுப்பியதில் எல்லாம் முகம் இருந்தது. பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் அவள் முகம், கடற்கரையில் பிள்ளைகள் முகம், ரயிலில் கணவரின் அண்ணன் முகம். சாமி படங்களும் முகக் கணக்கில் சேர்ந்தன. பிள்ளையார் மட்டும் இருநூறுக்கு மேல். சரி, ரோஜாவுக்கு முகம் இல்லையே என்றேன். "பூவு மங்கலம்டி, அதப் போயி..." என்று அத்தை முகத்தைச் சுளித்தார். நான் பறிக்கிற பூ அவருக்கு என்றைக்கும் மங்கலமாகத் தெரிந்ததில்லை. கிலோக் கணக்காகத்தான் தெரியும்.

முகம் இல்லாதவை எல்லாம் நான் எடுத்தவை. மாத்திரை அட்டை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ரேஷன் கார்டு, உர மூட்டை, பூக்கடைத் துண்டுச்சீட்டு, அத்தையின் வீங்கிய முழங்கால். டாக்டரிடம் காட்ட அந்த முழங்காலை மட்டும் முப்பது தடவை எடுத்திருக்கிறேன். குடும்பப் படம் என்றாலும் எடுத்தவள் நான். நான் அதில் இல்லை. எங்கேயும் போகாமல் பக்கத்திலேயே இருப்பவளுக்குப் போனில் என்ன வேலை? இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினோரு வருஷம். அதில் போனுக்குள் வந்த கொஞ்சத்தையும் நானே தொட்டுத் தொட்டுக் குப்பையில் போட்டேன். அத்தை தலையாட்டிக்கொண்டே இருந்தார். "ஆமா, அது வேணாம். இதுவும் வேணாம்."

வெல்லம் தின்பவள் ஒருத்தி, விரல் சூப்புகிறவள் ஒருத்தி என்று முணுமுணுத்தேன். அத்தை காதில் அது விழவில்லை என்று நினைக்கிறேன்.

அவ்வளவு போட்டும் கடைசியில் நூறு எம்பி இடித்தது. பின்னால் மாடு கத்தியது. அத்தை தண்ணி காட்டப் போனார்.

தனியாக உட்கார்ந்து தேடினேன். ரகசியமாக ஒரு ரோஜா வீடியோவை எடுத்துவிடலாம்தான். ஆனால் அத்தைக்கு எழுத்துத் தெரியாதே தவிர, எந்தப் பூவுக்குப் பின்னால் எந்தப் பிள்ளையார் என்பது அத்துப்படி. அப்படித் தேடும்போது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, ஒரு வீடியோ. பங்குனித் திருவிழாவில் நான் பால்குடம் தூக்கி வருகிறேன். பாதித் திரையை ஒரு கட்டைவிரல் மறைத்திருக்கிறது. அத்தையின் விரல். அத்தை கையால் எடுத்தது, என் முகம் இருக்கிறது, அந்தப் போனிலேயே நான் இருக்கிற ஒரே இடம் அதுதான். சரியாக நூற்றுப் பத்து எம்பி.

இன்னொன்று, ஓரகத்தி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய குரல் பதிவுகள். முந்நூறுக்கு மேல் இருந்தன. கோடு கோடாக, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சைப் புள்ளி. ஒன்றைக்கூட அத்தை கேட்டதில்லை என்று அர்த்தம். படம் தெரிந்தால்தான் அத்தை தொடுவார். கோட்டைத் தொட்டால் பேசும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் சேர்த்து நூற்று இருபது எம்பி.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒன்றைத் தொட்டேன்.

"அத்த, இன்னைக்கு ரசம் வச்சேன். ஒங்க கைப்பக்குவம் வரல. அவரு காலையில போனா ராத்திரிதான் வாராரு, புள்ளைங்க தமிழே பேச மாட்டேங்குதுங்க. நாள் பூரா வாயத் தொறக்க ஆளில்ல. நீங்க பதில் சொல்ல வேணாம், கேட்டாப் போதும். சின்னவ குடுத்துவச்சவ அத்த. ஒங்ககிட்ட ஏச்சு வாங்கவாச்சும் பக்கத்துல இருக்கா."

இன்னும் இரண்டு கேட்டேன். ஒன்றில் பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான்.

இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. அதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. முகத்தை வைத்தே இவ்வளவு இடம் பிடித்தவள், இந்தக் குரலும் அத்தை காதில் விழுந்தால் எனக்கென்று என்ன மிஞ்சும்? பக்கத்தில் இருக்கிறேன் என்கிற ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அழுவதில்கூட அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

"அது என்னாத்தா, கோடு கோடா?"

"ஒண்ணுமில்ல அத்த."

"மொகம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எடுத்துரு."

எடுத்தேன். சட்டம் அவர் போட்டது. நான் அதன்படி நடந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பால்குடத்தோடு நான் தப்பித்தேன்.

புது சாப்ட்வேர் ஏறி முடிய ஒரு மணி நேரம் ஆனது. பால் பொங்கக் காத்திருப்பதுபோல அத்தை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். போன் உயிர் பெற்றதும் வந்த முதல் அழைப்பு ஓரகத்தியுடையதுதான். படம் முன்னைவிடத் துலக்கமாக இருந்தது. அத்தை பத்து நிமிஷம் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு, குளிக்க வெந்நீர் காய்ந்துவிட்டது என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பின்னால் ஜன்னல் கம்பியில் துணி காய்ந்தது.

"அத்தை போயிட்டாங்களா?" என்று குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கட்டா? நான் பேசிப் பேசி அனுப்புறேனே, அதெல்லாம் கேக்குறாங்களா? ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல. கேக்கலன்னாலும் பரவால்ல, சும்மாதான்."

பரவாயில்லை என்று சொல்கிற முகமாக அது இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அதைச் சொல்ல ஏழு வருஷமாக நான் காத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

"கேக்குறாங்கக்கா" என்றேன். "தெனம் நான்தான் போட்டு விடுவேன். நேத்து அந்த ரசம் வச்சதக் கேட்டுட்டு அழுதுட்டாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நெசமாவா? அத்தையா? எனக்காகவா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள், இனிமேல் நிறையப் பேசி அனுப்புவதாகச் சொன்னாள். குளியலறைக்குள் அத்தை எதையோ பாடிக்கொண்டு சொம்பால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

பதினோரு வருஷத்தில் எனக்காக அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அவளுக்காகவும் விடவில்லை, அது எனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும், நானே கட்டிவிட்ட அந்த அழுகையை அவள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டதைப் பார்க்கப் பார்க்க, எனக்கு வயிறு எரிந்தது.