மழைபோல் தின்பதும் மரம்போல் நிற்பதும்

உள்ளறையில் தூறல் போடும் சத்தம். வெளியிலோ நல்ல வெயில்.

“மழை இல்லீங்க, என் பட்டாளம் சாப்பிடுது” என்பாள் பூச்சியக்கா வீட்டுக்கு வருகிறவர்களிடம், மல்பெரி இலையைத் துணியால் ஒற்றிக்கொண்டே. ஈர இலை தின்றால் பட்டுப்புழுவுக்கு நோய் வரும். அதனால் ஒவ்வோர் இலையையும், குளித்து வந்த குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலத் துவட்டுவாள்.

பூச்சிக் காட்சிசாலைக்காக அவள் வீட்டிலேயே வளர்ப்பவை இரண்டு இனம். இரண்டுக்கும் இலைதான் சோறு. மற்றபடி ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டே கிடையாது. புழு இரவு பகல் பாராமல், ஊருக்கே கேட்கும்படி தின்னும். ஒருநாள் சட்டென்று நிறுத்தித் தலையைத் தூக்கும். அவ்வளவுதான், அப்புறம் நூலுக்குள் தன்னை மூடிக்கொள்ளும். கூடத்து வலைக்கூண்டில் இருப்பவை குச்சிப்பூச்சிகள். பகலெல்லாம் கொய்யாக் கிளையில் ஒரு கிளையாக, கனவில் இருப்பதுபோல நிற்கும். காற்று வந்தால் மட்டும் கிளையோடு சேர்ந்து ஆடும். இருட்டிய பிறகுதான் சத்தமில்லாமல் கொறிக்கும்.

“என்னங்க, கூண்டு காலியா இருக்கு?” என்பார்கள் வருகிறவர்கள்.

“அதுங்க உங்களைத்தான் பார்த்துட்டிருக்கு” என்பாள், அவற்றை எழுப்பிவிடாத குரலில்.

அன்று தங்கை வந்திருந்தாள். கணவன் இறந்தபின், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு அங்கேயே தங்கிவிடப் போகிறவள். மறுநாள் விமானம். வந்த நேரம் முதல் அவள் வாய் ஓயவில்லை.

“குச்சிங்களோட இருந்து நீயும் குச்சியாவே ஆயிட்டக்கா. வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?”

“எனக்கும் சேர்த்து நீதான் பேசறியேடி.”

“போகாதேன்னு ஒரே ஒரு தடவை சொல்லு. போகமாட்டேன்.”

பூச்சியக்கா இலையைத் துவட்டினாள். அது முன்பே காய்ந்துபோன இலை. நேற்று மாலைகூட, “அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?” என்று குச்சிப்பூச்சிக் கூண்டிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தவள்தான்.

“உனக்கு எது நல்லதோ...” என்றாள்.

தங்கை பேச்சை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி அக்காவையே பார்த்தாள். அந்த அடையாளம் பூச்சியக்காவுக்குத் தெரியாததா? உள்ளறைத் தூறல் மட்டும் விடாமல் பெய்தது.

“வரேன்க்கா.”

கதவு சாத்திக்கொண்டது. அந்தக் காற்றில் கூண்டுக் குச்சிகளெல்லாம் மெல்ல அசைந்தன. வழியனுப்பத் தூக்கிய கையை இறக்காமலே, நின்ற இடத்தில் பூச்சியக்காவும் ஆடிக்கொண்டிருந்தாள்.