ஐந்தடிக் கம்பு

டிரில் மாஸ்டர் எழுதியிருப்பது பொய். சேலத்தில் அடுத்த மாதம் திறக்கப்போகும் இளைஞர் கால்பந்துப் பயிற்சிக் கூடத்துக்காக ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். அதில், பன்னிரண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு வயிறாரச் சோறு போட்டு ஆளாக்கியதாக இந்த எண்பது வயதில் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேரில் நான் ஒருவன். பெயர் மாரப்பன். எங்களைப் பட்டினி போட்டவர் அவர்.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதே பருத்திக்கொட்டையின் எண்ணெய் வீச்சம் என் மூக்கில் ஏறியது. நாங்கள் தங்கியிருந்த கொட்டகையில் பாதி இடத்தை மிட்டாதாரின் மாடுகளுக்கான பருத்திக்கொட்டை மூட்டைகள் அடைத்திருந்தன, மீதிப் பாதியில் நாங்கள் படுத்தோம். ஊரில் அதைப் "பந்துக் கொட்டாய்" என்பார்கள். ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் வழியில் எங்கள் ஊர். மிட்டாதார் எங்கள் ஊர் நிலத்தில் முக்கால்வாசிக்குச் சொந்தக்காரர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, மழை பொய்த்திருந்தது, அரிசி கண்ணில் படாத காலம். சேலத்தில் நடக்கும் "ஐந்தடிப் பந்தயம்" ஒன்றின் வெள்ளிக் கோப்பைமேல் மிட்டாதாருக்கு ஆசை வந்துவிட்டது. அதற்காகத்தான் டிரில் மாஸ்டரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, கஞ்சிக்கு வழியில்லாத வீடுகளாகப் பார்த்துப் பையன்களைச் சேர்த்தார்.

ஐந்தடிப் பந்தயம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது யாரிடமும் பிறந்த நாளுக்குச் சான்று கிடையாது, ஆகவே சிறுவர்கள் பந்தயத்துக்கு வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்தார்கள். மைதானத்து ஓரத்தில் இரண்டு கால்களை நட்டு, ஐந்தடி உயரத்தில் ஒரு கம்பைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். வெறுங்காலோடு நிமிர்ந்து அதன் அடியில் நடக்க வேண்டும். தலை தட்டினால் வெளியே போக வேண்டியதுதான்.

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. களியும் பச்சைப்பயறும் கிடைத்தன, வாரத்துக்கு இரண்டு முட்டை கிடைத்தது. டிரில் மாஸ்டருக்கு ஆட்டம் தெரியும், அதை நான் மறுக்க மாட்டேன். பந்தைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் தின்றால் பையன் வளர்வான் என்பதை அவரும் மிட்டாதாரும் யோசிக்கவில்லை. இரண்டாம் வருஷம் கொட்டகைக்குள்ளேயே அதே மாதிரி ஒரு கம்பைக் கட்டினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அளவு. முதலில் முட்டை நின்றது, பிறகு பயறு நின்றது, பிறகு இரவுச் சாப்பாடும் நின்றது. "சோறு எலும்பை நீட்டும்" என்பார் மாஸ்டர். மற்ற வீடுகளில் பிள்ளை ஓர் அங்குலம் வளர்ந்தால் சந்தோஷப்பட்டார்கள், நாங்கள் அழுதோம். கம்பு தட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டில் அந்த ஒருவேளைக் களியும் கிடையாது.

எங்களில் செங்கோடன் ஒருவனுக்குத்தான் ஆட்டம் உடம்போடு பிறந்திருந்தது. இடது கால்காரன். அப்பன் இல்லை. அம்மா தாயம்மா தறிக்காரர் வீடுகளுக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுத்து அவனையும் தங்கை பாவாயியையும் காப்பாற்றி வந்தார். ஒருநாள் அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சாமி, சோறு போடறீங்கன்னுதானுங்க உட்டுட்டுப் போனேன். பையன் ஈர்க்குச்சியாட்டம் ஆயிட்டானுங்களே?"

"ஓடற பையன் ஒல்லியாத்தான் இருப்பான். கொழுக்க வைக்கறதுக்கு இது என்ன மாட்டுக்கொட்டாயா?" என்றார் மாஸ்டர்.

அவர் அந்தப் பக்கம் போனதும் தாயம்மா மடியிலிருந்து, வெல்லம் போட்டுச் சுட்ட நான்கு கச்சாயத்தை எடுத்து நீட்டினார். செங்கோடன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டா ஆத்தா, வளந்துருவேன்."

"வளரத்தானடா பெத்தேன்!" என்று அவர் சிரித்தார். அவன் வாங்கவே இல்லை. நான்தான் வாங்கித் தின்றேன். நான் குள்ளன், பன்னிரண்டாவது ஆள், களத்தில் இறங்காதவன். எனக்கு வளர்த்தியைப் பற்றிப் பயமில்லை.

மூன்றாம் வருஷம் செங்கோடன் கம்பை ஒரு விரற்கடை தாண்டிவிட்டான். அவனை வீட்டுக்கு அனுப்ப மாஸ்டருக்கு மனமில்லை. காலையில் தட்டுகிற தலை சாயங்காலம் தட்டவில்லை என்பதை மாஸ்டர் கவனித்தார். நாளெல்லாம் நடமாடினால் உடம்பு கொஞ்சம் அமுங்கும், தலையில் பாரம் வைத்தால் இன்னும் அமுங்கும் என்று கண்டுபிடித்தார். கோப்பைக்கான கடைசிப் பந்தயத்துக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய கரிவண்டி பஸ்ஸில் சேலம் போனபோது பஸ்ஸின் மேலே ஒரு பருத்திக்கொட்டை மூட்டையும் வந்தது. பகல் மூன்று மணிக்கு அளவு. விடிந்ததிலிருந்து சத்திரத்து முற்றத்தில் செங்கோடன் அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். தலையை மொட்டையடித்திருந்தார்கள், முடியும் உயரம்தானே. மூட்டையின் ஒரு முனையை மாஸ்டர் பிடித்தார், மறுமுனையைப் பிடித்து ஏற்றிவிட்டவன் நான்.

"டேய் மாரப்பா, கழுத்து இருக்குதா, உள்ள போயிருச்சா?"

"பாதி போயிருச்சுடா. இன்னுங் கொஞ்சம் நடந்தீன்னா ஆமையாட்டந் தலையும் உள்ள போயிரும்."

"போனாப் போகுது. காலு வெளிய இருந்தாப் போதும்."

மத்தியானம் சிரிப்பு நின்றுபோயிற்று. கை மரத்துப்போகிறது என்றான். "இன்னும் ரெண்டு மணி நேரந்தான், பல்லைக் கடிச்சுக்கோ" என்றார் மாஸ்டர். மூன்று மணிக்கு அவன் கம்புக்கு அடியில் நடந்தான். தட்டவில்லை. எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து உயரமாக வந்தது. செங்கோடன் எகிறித் தலையால் முட்டினான், கோல் விழுந்தது. கீழே இறங்கி இரண்டடி நடந்தவன் அப்படியே சரிந்தான். ஓரத்துக்குத் தூக்கி வந்தோம். "காலு எங்க போச்சுன்னு தெரியலைடா மாரப்பா" என்றான். நடுவில் ஆள் மாற்ற அப்போது விதி இல்லை. மீதிப் பத்துப் பேரும் ஆடி முடித்தார்கள், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். போட்டோவுக்குப் பதினொரு பேர் வேண்டும் என்றார்கள். அவன் பனியனைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார் மாஸ்டர். அதன் ஈரம் இன்னும் காயவில்லை. மலரில் அச்சாகியிருப்பது அந்தப் படம்தான். இடது ஓரத்தில் நிற்பவன் நான், அடியில் என் பெயர்தான் இருக்கிறது. செங்கோடன் அப்போது படக்காரருக்குப் பின்னால் கோணிச்சாக்கின்மேல் கிடந்தான். போட்டோ முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தெலும்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில் மாஸ்டர் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "பஸ்ஸு மேல ஏறிக் குதியாட்டம் போட்டான், உழுந்தான். அவ்வளவுதான். வேற எதையாவது எவனாச்சும் பேசினா, அவன் ஊட்டுக்கு மிட்டாவுல வேலை கெடையாது."

தாயம்மாவிடமும் அதையே சொன்னார். அவர் நம்பாமல் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா சாமி?"

"ஆமாங்க ஆத்தா, பாத்தேன்" என்றேன். செங்கோடன் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தான். எனக்குப் பதின்மூன்று வயது என்று சாக்குச் சொல்லலாம். நான் சொல்லப்போவதில்லை.

அவன் அதற்குப் பிறகு நான்கு வருஷம் கிடந்தான். புரட்டிப் போட்டுத் துடைத்துவிடும்போதெல்லாம், "கொரங்காட்டம் பஸ்ஸு மேல ஏறச்சொல்லி எவன்டா சொன்னான்?" என்று அவனைத் திட்டிக்கொண்டே துடைப்பாராம் தாயம்மா. ஒருமுறை அவன் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். "வாத்தியார் பொய் சொல்லுவாரா? மாரப்பன் பொய் சொல்லுவானா?" என்று கேட்டாராம். அதற்குப்பின் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் போனான், சில வருஷத்தில் அவரும் போனார். கோப்பை வந்ததும் மிட்டாதாருக்கு ஆசை தீர்ந்தது. மற்றவர்கள் ஐந்தடியைத் தாண்டி லாரிக்கும் தறிக்கும் ஏர்முனைக்கும் போனார்கள். ஒருவன்கூடப் பிறகு பந்தைத் தொடவில்லை.

இன்று கொட்டகை இருந்த இடத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். மிட்டா போயிற்று, கரிவண்டி போயிற்று, கம்பு கட்டி அளக்கும் பந்தயமும் ஒழிந்தது. பன்னிரண்டு பேரில் மூன்று பேர் மிச்சம்.

மலர் கைக்கு வந்த மறுநாள் ராசிபுரம் போய்ப் பாவாயியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "அப்போ எங்காத்தா அவனைத் திட்டுனதெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, திறப்பு விழா என்றைக்கு என்று மட்டும் கேட்டார். கிளம்பும்போது, வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

என் பொய்யை நான் இங்கே பெயர் போட்டு எழுதிவிட்டேன். மாஸ்டரே, இனி உங்கள் முறை. திறப்பு விழாவில் உங்களுக்கு மாலை போடப்போகிறார்கள். பாவாயி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க, அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: செங்கோடன் பஸ் மேல் ஏறினானா?