அறை காலியில்லை என்றேன்

எங்கள் வீட்டு விருந்தினர் அறையின் மண்சுவரை அக்கா வெறுங்கையால் பூசியது இன்னும் கண்ணில் நிற்கிறது. களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்து, பூச்சுக் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளங்கையால் தேய்த்தார். "கரண்டி போட்டா ஆஸ்பத்திரி சுவரு மாதிரி ஆயிரும்லா" என்றார்.

மலேசியாவில் கோலா கங்சாருக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் நானும் கணவரும் அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா எனக்கு உறவில்லை. அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். தோட்டத்தை விற்றதும் டவுனில் ஒற்றைப் படுக்கையறை பிளாட்டுக்குப் போனவர். நான்கு மாதம் எங்களோடு வேலை செய்தார். ஒரே பொட்டலத்து மீகூன் நூடுல்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அறை முடிந்த அன்று, "முதல்ல நீங்கதான்க்கா இதுல படுக்கணும்" என்று நான்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

பிறகு அறையை நாள் வாடகைக்கு விட்டோம்; இணையத்தில் போட்ட படங்களைப் பார்த்து விருந்தினர்கள் வரத் தொடங்கினார்கள். சொன்னதை நான் மறந்துபோனேன்.

ஒரு வருடம் கழித்து அக்கா போன் செய்தார். சிங்கப்பூரிலிருந்து மகள், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக மாப்பிள்ளையோடு வருகிறாளாம். "நம்ம பிளாட்ல எங்கம்மா படுக்க வைக்கிறது? சனிக்கிழமை ஒரு நாளுதான். நான் பூசுன சுவருன்னு மாப்பிள்ளைக்கும் காட்டலாம்."

அந்தச் சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஆனால் மறுநாள் ஒரு பத்திரிகையிலிருந்து அறையைப் படமெடுக்க வருவதாக இருந்தது. புது வெள்ளை விரிப்புகளை அப்போதுதான் விரித்திருந்தேன். "புக்கிங் இருக்குக்கா" என்றேன். சொல்லத் தயங்கக்கூட இல்லை.

ஜன்னலடி விரிசலை ஞாயிறு காலை வந்து பூசித் தரும்படி முந்தின வாரமே அவரிடம் கேட்டிருந்தேன். அதுவும் மறந்துவிட்டது. ஞாயிறு காலை அக்கா வாளியோடு வந்து நின்றார். மடிப்புக் கலையாத விரிப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவங்க கடைசி நேரத்துல வரலக்கா" என்று இரண்டாவது பொய்யைச் சொன்னேன்.

"அப்படியாம்மா" என்று மண்டியிட்டு விரிசலை நனைத்தார். போகும்போது தரையில் சிந்திய மண்ணைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

சில மாதங்கள் கழித்துச் சந்தையில் அக்காவையும் மகளையும் பார்த்தேன். அந்தப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எங்களுக்காகவே ரூம எடுத்து வச்சிருந்தீங்களாமே ஆன்ட்டி! அம்மாதான் சுவரு ஈரமா இருக்கு, மாப்பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு வேணாம்னுட்டாங்க. எங்கள பிளாட்டுல படுக்க வச்சிட்டு அவங்க பக்கத்து வீட்டுல போய்ப் படுத்தாங்க. ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி."

அக்கா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. என் மானத்தைக் காக்க, பெற்ற மகளிடமே பொய் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. அந்தப் பெண்ணின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது.

"பரவால்லம்மா" என்றேன், அந்த நன்றியை வாங்கிக்கொண்டு.