மூச்சு விடாத குரல்

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க சிரிச்சுட்டுப் போங்க. எனக்குக் கவலையில்லை. இது என் கண்ணு பார்த்தது, என் காது கேட்டது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடந்ததும் இல்ல. பட்டப்பகல். 1994 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை. பாரீஸ்ல மழை தூறிட்டு இருந்தது. ஆனா ஒலிப்பதிவுக்கூடத்துல ஏது பகல்? ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்தி விளக்கை அணைச்சா கும்மிருட்டு.

என் வேலையைச் சொல்லிடறேன். நான் பாண்டிச்சேரிக்காரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், எனக்கு ஒன்பது வயசுல இங்க வந்துட்டோம். டப்பிங்குக்குப் பட்டை எழுதுறது என் பிழைப்பு. திரையில இருக்குற ஆளோட உதட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வசனத்தை நீளமான பிலிம் பட்டையில மையால எழுதணும். படம் ஓடும்போது கீழேயே இந்தப் பட்டையும் ஓடும். குரல் கொடுக்குறவங்க அதைப் படிச்சுப் பேசுவாங்க. ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாடியும் யார் பேசுறாங்கன்னு பேர் எழுதணும். எங்க மூச்சு இழுக்குறாங்கன்னுகூடக் குறி போடணும். இருபது வருஷமா அடுத்தவங்க மூச்சைக் கவனிச்சே என் காலம் போச்சு.

அன்னைக்கு வந்தவங்க கிஸ்லேன் மொர்வான். முப்பத்தெட்டுப் படம் நடிச்ச நடிகை. பிரெத்தாஞ் கடற்கரையில மீன் பிடிக்கிறவர் வீட்டுப் பொண்ணு. இருபத்திநாலு வயசுல முதல் படம். டைரக்டருக்கு அவங்க ஊர்ப் பேச்சு பிடிக்கலை. "முகம் தேவதை, வாயைத் திறந்தா மீன்காரி"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாராம். இவங்க குரலை எடுத்துட்டு, அர்மாந்த் லெஸ்க்யூர்ங்கிற பாரீஸ் டப்பிங்காரி குரலைப் போட்டுட்டாங்க. படம் ஓடோ ஓடுன்னு ஓடுச்சு. ஜனங்க அந்தக் குரல்மேல பைத்தியமானாங்க. அடுத்தடுத்துக் கூப்பிட்டவங்க எல்லாம் அதே குரலைக் கேட்டாங்க. ஆனா அர்மாந்த் அதுக்குள்ள செத்துப் போயிட்டாங்க, கிஸ்லேன் வேற வழியில்லாம அந்தக் குரலைப் பழகிக்கிட்டாங்க. பேட்டியில, விருது மேடையில, புருஷன்கிட்ட போடுற சண்டையில... எல்லாத்துலயும் அந்தக் குரல்தான். முப்பத்திரண்டு வருஷம்.

இப்போ தொண்டையில புற்று. வியாழக்கிழமை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடுவாங்க. அந்த முதல் படத்தைப் புதுப்பிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டதும் கம்பெனியில கால்ல விழாத குறையா கெஞ்சி, ஒரே ஒரு நாள் வாங்கியிருந்தாங்க. பேச்சு போறதுக்குள்ள தன் முகத்துல தன் குரல் ஒரு தடவையாவது இருக்கணும். அவ்வளவுதான் ஆசை. பாவமா இருந்தது எனக்கு.

பட்டை எழுதும்போதே ஒண்ணு என்னை உறுத்துச்சு. பழைய ஒலிநாடாவுல அர்மாந்த் குரல் அவ்வளவு துல்லியம். ஆனா ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. படம் முழுக்க... ஒண்ணே ஒண்ணுகூட. எவனோ வேலையத்தவன் உட்கார்ந்து வெட்டி எறிஞ்சிருக்கான்னு நினைச்சேன். திரையில கிஸ்லேன் உதட்டைப் பார்த்து நானே குறி போட்டேன்.

மதியம் 2:10-க்கு ஆரம்பிச்சோம். திரைக்கு எதிர்ல இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசுவாங்க. கிஸ்லேன் அங்க நின்னாங்க. நான் பின்னாடி நாற்காலியில. ஒலிப்பதிவுக்காரர் திபோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம். வேற யாரும் இல்லை. கதாநாயகி பேரு மாயெல். நல்லவேளை, அவளுக்கு மொத்தமே நாற்பது வசனம்தான்.

முதல் வசனம். கரகரன்னு, உப்புக்காத்து பட்ட பேச்சு. முதல்ல தயங்குச்சு, அப்புறம் தானா வந்தது. நிஜமாவே எனக்குக் கண் கலங்கிடுச்சு.

திபோ திரும்பப் போட்டுக் காட்டினார்.

வந்தது அர்மாந்தோட பாரீஸ் குரல்.

பழக்கதோஷம்னு கிஸ்லேன் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. என் காதுல விழுந்தது அது இல்லையே.

3:25. மூணு நாடா மாத்தியாச்சு. மைக்கையும் மாத்தியாச்சு. பேசும்போது மீன்காரி பேச்சு, திரும்பப் போட்டா பாரீஸ் குரல். திபோ என்னைத் தனியாக் கூப்பிட்டார். அவர் முகமே சரியில்லை.

"மரி, உனக்கு அங்க என்ன கேட்டுச்சு?"

"அவங்க ஊர்ப் பேச்சு."

"எனக்கும்தான். அப்ப இது யாரு?"

இன்னொரு தடவை கேட்டேன். நோயாளி அவங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் இரைக்க இரைக்க மூச்சு வாங்கிப் பேசினாங்க.

நாடாவுல ஒரு மூச்சுகூட இல்லை...

4:05. விளக்கை அணைச்சோம். படம் ஓடுச்சு. கிஸ்லேன் பேச வாயெடுத்தவங்க சட்டுன்னு வலது பக்கம் நகர்ந்தாங்க.

"கொஞ்சம் தள்ளி நில்லு மரி. இடிக்கிற."

"மதாம்... நான் பின்னாடி இருக்கேன்."

அவங்க திரும்பிப் பார்க்கலை. கம்பியைப் பிடிச்சிருந்த கையை மட்டும் மெதுவா எடுத்துட்டாங்க.

யாரும் தொடாமலே கம்பி இடது பக்கம் முனகுச்சு. ஆள் சாய்ஞ்சா வருமே, அந்தச் சத்தம். க்ரீ...க்.

எந்திரிச்சு ஓடிடலாம்னு இருந்தது. ஆனா வியாழக்கிழமை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. இவங்களுக்கு இன்னொரு நாள் கிடையாது. உட்கார்ந்தேன்.

4:31.

பட்டை ஓடுது. மாயெல், வசனம். மாயெல், வசனம்.

அப்புறம்...

அர்மாந்த்.

வசனத்துக்கு முன்னாடி மாயெல்ங்கிற பேர் இல்லை. அர்மாந்த்னு இருக்கு.

அடுத்ததும் அர்மாந்த். அடுத்ததும்.

என் மை. என் கையெழுத்து. கடைசி எழுத்தை வால் மாதிரி இழுக்குற என் கெட்ட பழக்கம்கூட அப்படியே.

நான் எழுதலை. சத்தியமா நான் எழுதலை.

படம் நின்னுச்சு. திபோ நிறுத்தலையாம், தானா நின்னதாம். இருட்டுல கிஸ்லேன் இடது பக்கம் திரும்பினாங்க. அங்க யாரும் இல்லை. ஊர்ப் பேச்சுல, மூச்சு வாங்க வாங்க, மெதுவாப் பேசினாங்க.

"உன் பேரைப் படத்துல போடட்டுமான்னு கேட்டாங்க, அர்மாந்த். வேணாம்னு சொன்னது நான்தான். குரல் என்னோடது இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சா என் பொழப்பு போயிடும்னு பயந்தேன். தப்பு பண்ணிட்டேன். இந்தத் தடவை உன் பேர் வரும். என் குரலை மட்டும் எனக்குக் குடுத்துடு."

கம்பி ஒரு தடவை முனகுச்சு. பாரம் இறங்கின மாதிரி.

4:52-க்குக் கடைசி வசனம் எடுத்தோம். திபோ திரும்பப் போட்டார். முதல்ல ஒரு மூச்சு கேட்டுச்சு. நீளமான, இரைக்கிற மூச்சு. அப்புறம் மீன்காரி பேச்சு. மதியத்துல இருந்து எடுத்ததை எல்லாம் ஓட்டிப் பார்த்தோம். எல்லாத்துலயும் கிஸ்லேன் குரல்தான். பட்டையிலயும் மாயெல்னுதான் இருந்தது. கிஸ்லேன் என் நெஞ்சுல முகத்தைப் புதைச்சு அழுதாங்க, நானும் அழுதேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பார்க்கப் போறப்பல்லாம் சின்னப் பலகையில ஒரே கேள்வியை எழுதிக் காட்டுவாங்க. "பேர் போட்டாச்சா?"

கம்பெனியில, சொந்தக்காரங்க சம்மதம் இல்லாம போட மாட்டோம்னுட்டாங்க. நானே அலைஞ்சு அர்மாந்தோட அக்காவை லியோன்ல கண்டுபிடிச்சேன். எண்பது வயசு. காபி போட்டுக் கொடுத்தாங்க, கையெழுத்தும் போட்டாங்க. போட்டுட்டுத்தான் படத்தோட பேரைப் படிச்சாங்க.

"இந்தப் படமா? இதுக்கு அவ பேசவே இல்லையேம்மா. குரல் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாங்க, வாஸ்தவம். அதுக்குக் கிளம்பிப் போகும்போதுதான் மெத்ரோ ரயில் படிக்கட்டுல விழுந்து செத்துப் போனா. 1962 பிப்ரவரி 17, சனிக்கிழமை."

பாரீஸ் வந்ததும் முதல் வேலையா அந்தப் படத்தோட பழைய பதிவுத் தாளை எடுத்தேன். குரல் பதிவு, 1962 மார்ச் 5 முதல் 9 வரைக்கும். அஞ்சு நாளும் அர்மாந்த் லெஸ்க்யூர்னு கையெழுத்து இருந்தது. அக்கா கொடுத்து விட்ட, அர்மாந்த் எழுதின பழைய கடிதத்துல இருந்த அதே கையெழுத்து.

பேர் போட்டாச்சு. கிஸ்லேன்கிட்ட அது மட்டும்தான் சொன்னேன், மீதியைச் சொல்ல மனசு வரலை. வாழ்நாள் முழுக்க யாரோட குரலைப் பழகினாங்கன்னு தெரிஞ்சு இனிமே அவங்களுக்கு என்ன ஆகப் போகுது.

அந்தப் பழைய நாடாவை மட்டும் லேப்ல கொடுத்துக் கேட்டேன், மூச்சுச் சத்தத்தை எங்கெங்க வெட்டியிருக்காங்கன்னு. முழுசா ஓட்டிப் பார்த்துட்டுச் சொன்னாங்க. வெட்டி ஒட்டின இடம் ஒண்ணுகூட இல்லையாம்.