நீங்களே கறந்து பாருங்க!

போன வருஷம் சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. பெரகலைச் சந்தியிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் மலையில் கொழுந்து பறிக்கிறவள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடும் முன்னால் எங்களுடைய ஒரே பசுவைக் கறந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் இருக்கும் பால் சென்டரில் ஊற்றிவிட்டுப் போவேன். பத்து வருஷமாக இதுதான் வழக்கம்.

அன்று வரிசையில் என் முறை வந்தது. பால் சென்டர் அண்ணன் வழக்கம்போல பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழாயை என் பாலில் மிதக்கவிட்டார். அது அளவுக்கு மேல் உள்ளே இறங்கியது. இன்னொரு தடவை விட்டார். மறுபடியும் இறங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "தண்ணி ஊத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமாம்மா? நாளையிலிருந்து இங்க கொண்டாராத."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "சாமி சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலண்ணே" என்றேன். யாரும் நம்பவில்லை. எனக்குப் பின்னால் நின்ற லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவே இல்லை. அவள் பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குப் படுத்திருந்த இரண்டு வாரமும் அவள் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டு, பாலும் கறந்து ஊற்றியவள் நான். அந்த நன்றி கூட இல்லையே!

தண்ணீர் ஊற்றவில்லை என்றால் பால் ஏன் நீர்த்துப் போனது? மாடு நன்றாகத்தான் தின்றது. மடியில் வீக்கம் இல்லை, பாலில் கட்டி இல்லை. மலையில் நின்று யோசித்துக்கொண்டே இருந்தபோது அந்த மிஸ்ஸின் ஞாபகம் வந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளை ஒன்று ஆராய்ச்சிக்காக எங்கள் லயத்துக்கு வந்திருந்தது. பண்டாரவளைக்காரப் பிள்ளை. வெளியில் தெரியாமல் மாட்டு மடிக்குள் இருக்கும் நோயைப் பற்றி ஆராய்கிறாராம். துணி துவைக்கும் சோப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து, அதே அளவு பாலைச் சேர்த்துச் சுற்றினால் நோயுள்ள பால் கெட்டியாகிவிடும் என்று காட்டினார். "பாலைத் துவைச்சுக் காயப்போடவா மிஸ்?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவள் நான்தான். என் மாட்டைத் தொடவும் விடவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

வெட்கத்தை விட்டுப் போன் எடுத்தேன். "அக்கா, நீங்க தண்ணி ஊத்தியிருக்கத் தேவையில்ல. மடியில நோய் இருந்தாலும் பால் அப்படித்தான் நீர்த்துப் போகும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். நான்கு காம்பின் பாலையும் நான்கு தேங்காய்ச் சிரட்டையில் தனித்தனியாகப் பிடித்துச் சோதிக்கச் சொன்னார். மூன்று சிரட்டைப் பால் தண்ணீராகவே ஓடியது. பின்பக்கத்து வலது காம்புப் பால் மட்டும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபட்டது.

அந்தக் காம்புப் பாலைச் சுத்தமான போத்தலில் பிடித்து, ஐஸில் வைத்து, கிருமியைச் சோதிக்கப் பதுளைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஐஸுக்கு நான் எங்கே போவது? பெரகலைக் கடையில் பிள்ளைகள் உறிஞ்சும் சிவப்பு ஐஸ் பெக்கட் நாலு வாங்கி, போத்தலைச் சுற்றிக் கட்டி பஸ் ஏறினேன். பதுளை போய்ச் சேர்வதற்குள் சாயம் ஒழுகிச் சேலையெல்லாம் சிவப்பு. மிஸ் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மூன்று நாள் கழித்து மலையில் கொழுந்து எடுக்கும்போது போன் வந்தது. என்ன கிருமி என்று தெரிந்துவிட்டதாம், அந்தக் கிருமிக்குக் கேட்கிற மருந்தும் இருக்கிறதாம். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். பிறகு அவர் ஒன்று கேட்டார்: "இது கறக்கிற கையாலயும் மடி துடைக்கிற துணியாலயும் பரவுற நோய் அக்கா. நீங்க வேற யார்ட மாட்டையாவது கறந்தீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாட்டைக் கறந்த கையைக் கழுவாமல், அதே துணியால் மதினியின் மாட்டு மடியைத் துடைத்து இரண்டு வாரம் கறந்திருக்கிறேன். உதவி செய்வதாக நினைத்து நோயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சிரித்தாளே, அனுபவிக்கட்டும் என்று கூடத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் தோன்றியது.

"நாளைக்கே மருந்து போடலாம்" என்றார் மிஸ். "அதுக்கு முன்னால எனக்கொரு வேலை இருக்கு மிஸ்" என்றேன்.

மறுநாள் காலையில் மாட்டைக் கறக்கவில்லை. கயிற்றைப் பிடித்து, மாட்டையே பால் சென்டருக்கு ஓட்டிப் போனேன். இடுப்பில் சிரட்டையும் சோப்புத் தூளும். வரிசையில் நின்றவர்கள் "இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று விலகினார்கள். தூணில் மாட்டைக் கட்டிவிட்டுச் சொன்னேன்: "அண்ணே, நீங்களும் மாடு வளக்குறவருதான. நீங்களே கறந்து பாருங்க!"

அவர் மழுப்பப் பார்த்தார். நான் விடவில்லை. நீங்கள் கறக்காமல் மாடு இங்கிருந்து நகராது என்றேன். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே குந்தினார். அவர் கையாலேயே கறந்து, நுரை அடங்கியதும் அவரே குழாயை மிதக்கவிட்டார். அன்றைக்கு இறங்கிய மாதிரியே இறங்கியது.

"இப்ப யாருண்ணே தண்ணி ஊத்துனது? நீங்களா, மாடா?" என்றேன். பிறகு நான்கு சிரட்டையையும் வைத்து எல்லாருக்கும் சோதித்துக் காட்டினேன்.

அதோடு ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மதினியின் கேனிலிருந்து கொஞ்சம் பால் கேட்டேன். முறைத்துக்கொண்டே கொடுத்தாள். சோப்புத் தண்ணீர் சேர்த்தேன். என் பால் அளவுக்குக் கெட்டியாகவில்லை, ஆனாலும் சிரட்டையைச் சாய்த்தபோது கொழகொழவென்று வந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. "மதினி, ஒங்க மாட்டுக்கு இது என் கையாலதான் வந்துச்சு. கை கழுவாமக் கறந்துட்டேன். தெரியாமச் செஞ்சது, ஆனா செஞ்சது நான்தான்" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினேன். "என் தப்ப நான் சொல்லிட்டேன். இப்ப ஒங்க தப்ப நீங்க சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இது தண்ணி ஊத்துன பால் இல்ல" என்றார்.

"அன்னைக்கு வரிசைக்கே கேக்குற மாதிரிதான சொன்னீங்க? இன்னைக்கும் அப்படியே சொல்லுங்க."

சொன்னார். கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

இரண்டு மாடுகளுக்கும் மருந்து போட்டோம். மருந்து பாலில் இருக்கும் என்று மிஸ் சொன்ன நாள் முடியும்வரை நானும் மதினியும் பாலைக் கறந்து கறந்து கீழேதான் ஊற்றினோம். முதல் வாரம் அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் நான் மடி துடைக்கப் போகும்போது, "கைய கழுவுனியாடி?" என்று அவள் காம்பராவிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்போது பால் சென்டர் மேசைக்கடியில் ஒரு சோப்புத் தூள் பெக்கட் இருக்கிறது. குழாய் இறங்கினால் அண்ணன் முதலில் அதைத்தான் எடுக்கிறார்.

எனக்கு வாய் ஜாஸ்தி என்று இன்றைக்கும் லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், என் மேல் விழுந்த பழியைத் துடைத்த அதே வாயால்தான் என் தப்பையும் சொன்னேன், அதனால் எவர் முன்னாலும் அது மூடப்போவதில்லை.