அண்ணி கண்ட பறவைகள்

அண்ணியின் ஷூவில் ஒட்டிய சேற்றைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டுவது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் வேலை. நடப்பது அண்ணி, துடைப்பது அண்ணன். "கல்யாணத்தப்போ இதைப் பத்தி யாரும் பேசல" என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டே, குதிகால் பள்ளம் வரை விடாமல் சுரண்டுவான்.

அண்ணி பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருட சர்வீஸ். "வாங்கினேன், காத்துல பறந்துடுச்சு" என்பவரிடம் "காட்டுங்க" என்பதைத் தவிர வேறு பேசமாட்டார். பாஸை வீட்டில் மறந்து வந்த சொந்த மாமனாரையே, அதாவது என் அப்பாவையே, பாதி வழியில் இறக்கிவிட்டவர். அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து போகிற இடமெல்லாம் "என் மருமககிட்ட நடக்காது" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

சர்க்கரை வந்து, டாக்டர் தினமும் நடக்கச் சொன்ன பிறகுதான் ஏரிக்கரைப் பறவைகள் அண்ணியின் கண்ணில் பட்டன. அங்கேயும் அதே சட்டம். கிளைக்குள் ஒரு கூவல் கேட்டால் நின்றுவிடுவார். அலகு, வால், கால் மூன்றையும் பார்த்த பிறகே நோட்டில் ஏறும். ஒரு மரங்கொத்திக்காகப் பதினோரு நாள் ஒரே மரத்தடியில் கழுத்து வலிக்க நின்றிருக்கிறார். ஐந்து வருடத்தில் தொண்ணூற்றொன்பது சேர்ந்தது.

நூறாவது, காடை. கரையோரப் புல்லுக்குள்ளிருந்து தினமும் குரல் கொடுக்கும்: விட், விட்டுடு. விட், விட்டுடு. இறகு நுனியைக்கூடக் காட்டாது. நானே ஒருநாள் கூடப் போய் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

"அதுவே விட்டுடுன்னுதான் சொல்லுது. நீதான் கேக்கமாட்டேங்கிற" என்றான் அண்ணன், அண்ணியிடம்.

"பாக்காம எப்படிங்க எழுதறது?"

"காடையைப் பாத்ததே இல்லையா நீ? ஹோட்டல்ல தட்டு தட்டா பாத்திருக்கோம்."

"அது ஏரிக்கரை கணக்குல வராது."

போன ஞாயிறு சாயங்காலம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். அண்ணன் அவரிடம் நூறு என்று முந்திக்கொண்டு சொல்லிவைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் காலை ஏரிக்கரையில் திறப்பதற்குப் பலகையே தயார். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்துப் பலகையைச் சோபாவில் சாத்தினார். 'நம் ஏரியில் நூறு பறவைகளைக் கண்டவர்.' கீழே அண்ணியின் பெயர், பெரிய எழுத்தில்.

அந்தப் பெயர் அதுவரை பயணிகளின் புகார்க் கடிதங்களில்தான் அச்சாகியிருந்தது. அண்ணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலால் தடவினார். பிறகு மேல் வரியைப் படித்தார்.

"காடையை நான் பாக்கலியே."

"கேட்டீங்கல்ல மேடம்? பெரிய பெரிய பறவை ஆளுங்களே குரலை வச்சு எண்ணுவாங்களாம்."

"எண்ணட்டும், தப்பில்ல. இதுல கண்டவர்னு போட்டிருக்கே."

"யாரும்மா வந்து செக் பண்ணப் போறா?" என்றான் அண்ணன்.

"ஏன், நான் வரமாட்டேனா?"

செயலாளர் சிரித்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஆபீஸ்ல முப்பது பேரைக் கூப்பிட்டிருக்கேன்" என்றான் அண்ணன், குரலை இறக்கி. "நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது? நாளைக்கே அந்தக் காடை வந்து நின்னா சரியாப் போயிடும்ல?"

"வந்து நின்னதும் நூறுன்னு மாத்திக்கலாம். இன்னிக்குத் தொண்ணூத்தொம்பது. அப்படிப் போட்டா நான் வரேன். இல்லேன்னா பலகையே வேண்டாங்க."

கத்தவில்லை; பஸ்ஸில் பேசும் அதே நிதானம். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. என் வீட்டுக்காரரின் ஆபீஸ் முழுக்க இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அண்ணன் பலகையைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். "அவ சொன்னா சொன்னதுதான் சார்" என்றான். தோற்றவன் குரல் மாதிரி இல்லை.

செயலாளர் தலையைச் சொறிந்தார். "நூறுன்னா ஒரு கெத்து இருக்கு. தொண்ணூத்தொம்பதுக்கு யாராவது பலகை வைப்பாங்களா மேடம்?"

அண்ணி அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.