காதுக்குப் பின்னால் காய்ந்த பத்து

குமாரபாளையத்தில் அடிபட்ட குழந்தை வந்தால் முதலில் பத்தைத்தான் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வீக்கத்தின் மேல் அப்பிவிட்டுத்தான் எங்கள் அவசரப் பிரிவுக்கே தூக்கி வருவார்கள். டாக்டராகச் சேர்ந்த நாளிலிருந்து அதற்காக ஊரையே திட்டித் தீர்த்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் விசைத்தறி ஓட்டும் ஒருவர் தன் மகனைக் கொண்டுவந்தார். தவழக்கூடத் தொடங்காத குழந்தை. மனைவி சற்றுத் தள்ளி, எங்கோ பார்த்தபடி நின்றாள்.

"காலையில தொட்டில்ல இருந்து உழுந்துட்டானுங்க," என்றார்.

குழந்தையின் கையில் இருந்த பத்து சிவப்பாக, ஈரம் காயாமல் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே கழுவினேன். தலையைத் திருப்பினால், காதுக்குப் பின்னால் இன்னொரு பத்து. அது காய்ந்து, செதில் செதிலாக உதிர்ந்தது. நிச்சயம் அன்றைக்குப் போட்டதல்ல. துடைத்துப் பார்த்தேன், அடியில் தோல் கன்றியிருந்தது. சட்டையைக் கழற்றினால் முதுகிலும் அப்படியே.

தவழாத குழந்தை எங்கே போய் இடித்துக்கொள்ளும்? நான் நினைப்பது தப்பென்றால் ஒரு குடும்பத்தின் மேல் அநியாயமாகப் பழி போடுகிறேன். சரியென்றால், வீட்டுக்கு அனுப்பிய பிறகு இவன் உயிரோடு இருப்பானா? அந்த ஆளின் முரட்டு உடம்பைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

அவரை வெளியே அனுப்பிவிட்டால் அவள் வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன்.

"எக்ஸ்ரே எடுக்கணும். அம்மா மட்டும் கூட இருக்கட்டும். நீங்க வெளிய போங்க."

"வேண்டாமுங்க. நானே இருக்கறேனுங்க."

"போங்கன்னு சொல்றேன்ல!"

குழந்தையைத் தூக்கி அவளிடம் கொடுக்கத் திரும்பினேன். அவர் குறுக்கே வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அப்போதுதான் அவர் விரல்களைக் கவனித்தேன். நகக்கண் வரை மஞ்சள் ஏறியிருந்தது. பத்துப் போட்டவர் அவர்தான்.

அவளுக்குக் கேட்காதபடி, குனிந்து சொன்னார்.

"பெத்ததுல இருந்து அவ அவளா இல்லீங்க. வேணும்னு செய்யறதில்லீங்க. நான் தறிக்குப் போனாலும் ஊட்ல என்ன நடக்குதோன்னு கையே ஓடறதில்லீங்க. அவகிட்டத் தனியா உட்றாதீங்க, சாமி."

அவள் குழந்தையை வாங்கக் கையை நீட்டியபடி நின்றாள். நான் கொடுக்கவில்லை. நர்ஸ் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டு முடிக்கும்வரை அவனைக் கீழே விடவும் இல்லை.